ஃபிளாட் வாங்குகிறீர்கள், மண் யாருடையது?

தமிழ்நாட்டில் புதிய ஃபிளாட்டுகளைப் பதிவு செய்யும் முறை 2023 டிசம்பர் 1 முதல் மாறியது. அதற்கு முன்பு நிலத்தின் பங்குக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டிடத்துக்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம் என்று இரண்டாகப் பதிவு செய்வார்கள். இப்போது நிலப் பங்கையும் கட்டிடத்தையும் சேர்த்து, கூட்டு மதிப்பில் ஒரே கிரயப் பத்திரம். புதிய ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 50 லட்சம் ரூபாய் வரை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம், அதற்கு மேல் 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம்.

இதைப் பார்த்துப் பலர் "யுடிஎஸ் (நிலத்தில் பிரிபடாத பங்கு) முறை ஒழிந்துவிட்டது, இனி அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்" என்று நினைத்துக்கொண்டார்கள். ஒழியவில்லை. மாறியது கட்டணம் கணக்கிடும் முறைதான். ஃபிளாட் வாங்குபவர் நிலத்தில் ஒரு பங்குக்குத்தான் உரிமையாளர் ஆகிறார் என்பது அப்படியே இருக்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்பதும் பத்திரத்துக்குள்தான் எழுதப்பட்டிருக்கிறது. விளம்பரத்தில் அது இருக்காது.

நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், மாடுலர் கிச்சன் எல்லாவற்றையும் பார்க்கிறோம். கட்டிடத்தின் அடியில் இருக்கும் மண் யாருடையது, அதில் நமக்கு எத்தனை சதுர அடி என்பதைக் கடைசியாகக் கேட்கிறோம், அல்லது கேட்பதே இல்லை. வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மண்ணும் கட்டிடமும் தனித்தனி

வீடு என்று ஒரு சொல்லில் சொன்னாலும் அதற்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று மண், மற்றது அதன் மேல் நிற்கும் கட்டிடம். கட்டிடம் கட்டி முடித்த நாளிலிருந்து பழசாகிக்கொண்டே போகும். நகரங்களில் விலை ஏறுவது பெரும்பாலும் மண்ணுக்குத்தான். இரண்டுக்கும் ஒருவரே உரிமையாளராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் வீடு வாங்குபவர் கீழுள்ள நான்கு நிலைகளில் ஏதாவது ஒன்றில் நிற்பார்:

1. மண்ணும் கட்டிடமும் முழுக்க அவருடையது. தனி வீடு, தனிப் பட்டா. இதில் பெரிய குழப்பம் இல்லை.
2. கட்டிடத்தில் குறிப்பிட்ட பகுதி அவருக்குத் தனியாக, மண்ணில் ஒரு பங்கு பொதுவாக. பெரும்பாலான ஃபிளாட்டுகள் இந்த வகை.
3. கட்டிடம் அவருடையது, மண் வேறொருவருடையது. கோயில் அடிமனையில், அதாவது கோயிலுக்குச் சொந்தமான மனையில், இருக்கும் வீடுகளும், 90 அல்லது 99 வருடக் குத்தகை வீடுகளும் இதில் வரும்.
4. மண்ணிலும் கட்டிடத்திலும் வேறு ஒருவரோடு கூட்டு உரிமை. பாகம் பிரிக்காத குடும்பச் சொத்து, கணவன் மனைவி சேர்ந்து வாங்கும் வீடு.

முதல் வகையை விட்டுவிடலாம். மற்ற மூன்றில்தான் பணம் போகிறது, வழக்கு வருகிறது.

யுடிஎஸ் என்றால் என்ன, எப்படிக் கணக்கிடுகிறார்கள்

யுடிஎஸ் என்பது பிரிபடாத பங்கு. 4,800 சதுர அடி மனையில், அதாவது இரண்டு கிரவுண்டில், எட்டு ஃபிளாட்டுகள் இருந்தால் மனைக்கு எட்டுப் பேரும் சேர்ந்து உரிமையாளர்கள். "இந்த மூலை என்னுடையது" என்று யாரும் வேலி போட முடியாது. பாகம் பிரித்துக் கொடு என்று வழக்கும் போட முடியாது. ஃபிளாட்டை விற்றால் அதோடு சேர்ந்து பங்கும் போகும்.

கணக்கு எளிது. உங்கள் ஃபிளாட்டின் பரப்பை எல்லா ஃபிளாட்டுகளின் மொத்தப் பரப்பால் வகுத்து, மனையின் பரப்பால் பெருக்க வேண்டும். எட்டு ஃபிளாட்டும் தலா 900 சதுர அடி என்றால் மொத்தம் 7,200. ஒருவரின் பங்கு 600 சதுர அடி.

இந்த எண்ணை முடிவு செய்வது தளப்பரப்புக் குறியீடு. எஃப்எஸ்ஐ என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் அது. சென்னையில் சாதாரண அடுக்குமாடிக் கட்டிடங்களுக்கு முன்பு இது 1.5 ஆக இருந்தது. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் அதை 2 ஆக உயர்த்தின. உயரமான கட்டிடங்களுக்கு 3.25. குறியீடு ஏற ஏற, ஒரே அளவு ஃபிளாட்டுக்குக் கிடைக்கும் மண் குறையும். 900 சதுர அடி ஃபிளாட்டுக்குத் தோராயமாக:

- குறியீடு 1.5 என்றால் 600 சதுர அடி
- குறியீடு 2 என்றால் 450 சதுர அடி
- குறியீடு 3.25 என்றால் ஏறத்தாழ 277 சதுர அடி

அந்தப் பகுதியில் மண்ணின் விலை சதுர அடி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் 60 லட்சம் ரூபாய்க்கு மண் இருக்கிறது. மூன்றாவதில் 28 லட்சத்துக்கும் குறைவு. ஃபிளாட்டின் விலை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஏன், உயரமான கட்டிடத்தில் அதிகமாகக்கூட இருக்கலாம். முப்பது வருடம் கழித்துக் கட்டிடம் பழசாகிப் போன பிறகு கையில் எது மிஞ்சும் என்பதில்தான் வித்தியாசம். தி.நகரிலும் அடையாறிலும் 1980-களில் கட்டிய, லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டிடத்தில் இருக்கும் பழைய ஃபிளாட்டை விவரம் தெரிந்தவர்கள் தேடி வாங்குவது இதனால்தான். சுவர் பெயர்ந்திருக்கும், படிக்கட்டில் வெளிச்சம் இருக்காது. ஆனால் மண் கூடுதலாக இருக்கும்.

உயரமான கட்டிடம் வாங்கவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. பாதுகாப்பு, திறந்தவெளி, வசதி ஆகியவற்றுக்காக வாங்குபவர் அதைத் தெரிந்தே வாங்கலாம். வீட்டை முதலீடாக நினைத்து வாங்குபவர்தான் இந்த எண்ணைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

பத்திரத்தில் எங்கே பார்ப்பது

கிரயப் பத்திரத்தின் கடைசிப் பகுதியில் சொத்து விவரம் இருக்கும். ஷெட்யூல் என்பார்கள். வழக்கமாக 'அ' ஷெட்யூலில் முழு மனை, சர்வே எண், நான்கு எல்லைகள். 'ஆ' ஷெட்யூலில் உங்கள் பிரிபடாத பங்கு. அதையடுத்து ஃபிளாட்டின் எண், மாடி, பரப்பு. வக்கீல் வரைவு கொடுத்ததும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதைவிட இங்கிருந்து தொடங்குவது நல்லது. கவனிக்க வேண்டியவை:

1. எல்லா ஃபிளாட்டுகளின் பங்கையும் கூட்டினால் மனையின் பரப்பு வர வேண்டும். குறைந்தால் மீதியைப் பில்டர் தன்னிடம் வைத்திருக்கிறார் என்று பொருள். பிற்பாடு மொட்டை மாடியில் அனுமதியில்லாமல் ஒரு வீடு எழுப்பி, அந்த மீதிப் பங்கோடு சேர்த்து விற்பது பழைய தந்திரம். வில்லங்கச் சான்று எடுத்தால் இதுவரை எத்தனை சதுர அடி யார் யாருக்குப் போயிருக்கிறது என்பது வரிசையாகத் தெரியும். உட்கார்ந்து கூட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

2. 'அ' ஷெட்யூலில் காட்டப்படும் மனையின் அளவு உண்மையில் மிச்சமிருக்கும் அளவுதானா? சாலை விரிவாக்கத்துக்குத் தானமாகக் கொடுத்த நிலம் உங்களுடையது அல்ல. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய மனைகளில் திறந்தவெளிக்காக 10 சதவீதம் உள்ளாட்சிக்குப் போய்விடும். அதையும் உள்ளே வைத்துக் கணக்குக் காட்டினால் உங்கள் பங்கு காகிதத்தில் மட்டும் பெரிதாக இருக்கும்.

3. விற்பவர் யார்? பெரும்பாலான இடங்களில் மனை ஒருவருடையது, கட்டுபவர் வேறொருவர். நில உரிமையாளர் பில்டருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருப்பார். அந்தப் பவர் பதிவானதா, ரத்தாகாமல் இருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பொதுவாக, பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் போகும். பவர் பெற்றவருக்கும் அந்தச் சொத்தில் உரிமை கலந்திருக்கும் சில ஒப்பந்தங்களுக்கு விதிவிலக்கு உண்டு. உங்கள் வழக்கு அந்த விதிவிலக்கில் வருமா என்று நீதிமன்றத்தில் போய்த் தெரிந்துகொள்ளும் நிலை வேண்டாம்.

4. கார் நிறுத்துமிடத்தைத் தனி விலைக்கு விற்கிறார்களா? திறந்த இடத்தையும், தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளத்தையும் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்து வந்த தீர்ப்பு என்றாலும், பொது இடம் எல்லோருடைய பங்கிலும் அடங்கியது என்ற அடிப்படை இங்கேயும் பொருந்தும்.

அப்புறம் பட்டா. பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருபது வருடமாக ஆட்கள் குடியிருந்தும் பட்டா பழைய நில உரிமையாளர் பெயரிலேயே கிடக்கிறது. பட்டா என்பது வருவாய்த் துறையின் ஆவணம், உரிமையைத் தருவது பதிவான கிரயப் பத்திரம்தான் என்பது உண்மை. ஆனாலும் மெட்ரோவுக்கோ சாலைக்கோ நிலம் எடுக்கும் நாளில் அறிவிப்பு யார் பெயருக்கு வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

கட்டிடம் இடிக்கும் நாளில்

பிரிபடாத பங்கின் உண்மையான அர்த்தம் கட்டிடம் பழசாகி மறுகட்டுமானம் செய்யும்போதுதான் தெரியும். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் நடைமுறையில் இருந்தவரை, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் இடித்துக் கட்ட முடியும் என்ற நிலை. பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் சரி என்று சொல்லி, வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் பதில் போடாமல் இருந்தாலே எல்லாம் நின்றுவிடும்.

இதை மாற்றத்தான் 2022-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2024-இல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். இதற்கு இரண்டு பக்கம் உண்டு. ஒருவர் எல்லோரையும் பிடித்து வைக்க முடியாது. அதே நேரத்தில், நீங்கள் அந்தச் சிறுபான்மையில் இருந்தால் உங்கள் விருப்பமில்லாமலே வீடு இடிபடலாம். வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்கள் நிறைந்த கட்டிடத்தில், அங்கேயே குடியிருக்கும் வயதானவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

மறுகட்டுமானத்தில் "உங்களுக்குப் புது வீடு இலவசம்" என்பார்கள். இலவசம் எதுவும் இல்லை. மேலே சொன்ன இரண்டு கிரவுண்டு மனையையே எடுத்துக்கொள்வோம். பழைய கட்டிடம் 7,200 சதுர அடி. இப்போதைய குறியீட்டில் 9,600 கட்டலாம். கூடுதலாக வரும் 2,400 சதுர அடியைப் பில்டர் புதியவர்களுக்கு விற்று, அந்தப் பணத்தில் உங்களுக்கும் கட்டிக் கொடுக்கிறார். உங்களுக்கு அதே 900 சதுர அடி வீடு கிடைக்கும். ஆனால் மண்ணில் உங்கள் பங்கு 600-லிருந்து 450 ஆகிவிடும். எட்டுப் பேரும் விட்டுக்கொடுத்த 1,200 சதுர அடி மண்தான் புதிய வீட்டுக்கான விலை. இதை அறிந்து பேரம் பேசுபவர் 900-க்குப் பதில் 1,000 சதுர அடி கேட்பார், கட்டி முடிக்கும் வரை வாடகை கேட்பார். அறியாதவர் இனிப்பு கொடுத்துவிட்டு வருவார்.

மண் வேறொருவருடையது என்றால்

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம். சென்னையில் "லீஸுக்கு வீடு" என்றால் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து, வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்குவது. போக்கியம், ஒத்தி என்பதும் அதுதான். இங்கே பேசுவது அதுவல்ல. மண்ணை நீண்ட காலத்துக்குக் குத்தகைக்கு எடுத்து, அதன் மேல் கட்டிடத்துக்கு மட்டும் உரிமையாளராக இருப்பது.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, குத்தகை என்பது ஒரு காலத்துக்கு அனுபவிக்கும் உரிமை மட்டுமே. காலம் முடிந்தால் இடத்தை ஒப்படைக்க வேண்டும். தான் கட்டியதை, இடம் தன் வசம் இருக்கும் வரை பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று சட்டம் பெருந்தன்மையோடு சொல்கிறது. ஓலைக் கொட்டகைக்கு அது சரி. மூன்று மாடிக் கட்டிடத்தை எங்கே எடுத்துப் போவது?

தமிழ்நாட்டில் இந்த நிலை அதிகமாக இருப்பது கோயில் அடிமனைகளில். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளிலும், பிற கோயில் நகரங்களிலும் மனை கோயிலுக்கு, வீடு குடியிருப்பவருக்கு என்று தலைமுறைகளாக இருந்து வருகிறது. அடிமனை வாடகையைக் கோயிலுக்குக் கட்டுவார்கள். ஸ்ரீரங்கத்தில் அடிமனை யாருக்கு என்பதே நீண்ட காலச் சச்சரவு. இத்தகைய வீடுகள் விற்பனைக்கு வரும்போது விலை பக்கத்துத் தெருவைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும். புரோக்கர் "கட்டிடம் மட்டும் சார், மத்தபடி ஒரு பிரச்சினையும் இல்லை" என்பார். அந்த 'கட்டிடம் மட்டும்' என்பதில் அடங்கியிருப்பவை:

1. இந்து சமய அறநிலையச் சட்டம், 1959, பிரிவு 34-இன்படி கோயில் சொத்தை விற்பதற்கும், அடமானம் வைப்பதற்கும், ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்கும் ஆணையரின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆவணம் செல்லாது. நிர்வாகி ஒருவர் எப்போதோ வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்த 99 வருடக் குத்தகைக்கு மதிப்பில்லை.

2. கட்டிடத்தை விற்பவரால் அடிமனையில் தனக்கிருக்கும் குடிவார உரிமையை, அதாவது குத்தகைதாரர் உரிமையை, தானாக உங்களுக்கு மாற்றிவிட முடியாது. கோயில் நிர்வாகம் உங்களைக் குடிவாரதாரராக ஏற்று உங்கள் பெயரில் ரசீது தர வேண்டும். அதுவரை சட்டத்தின் கண்ணில் நீங்கள் அனுமதியில்லாமல் இருப்பவர். ஆக்கிரமிப்பாளரை வெளியேற்றும் பிரிவு 78 உங்கள் மேல் பாயலாம்.

3. "ஐம்பது வருடமாக இருக்கிறோம், அனுபவ பாத்தியம் வந்துவிட்டது" என்ற வாதம் கோயில் நிலத்தில் எடுபடாது. அதே சட்டத்தின் பிரிவு 109 அந்த வழியை அடைத்துவிட்டது.

4. நியாய வாடகை என்ற பெயரில் அடிமனை வாடகை அவ்வப்போது மாற்றி நிர்ணயிக்கப்படும். பழைய ரசீதில் இருக்கும் தொகையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. நிலுவை இருந்தால் அதுவும் வாங்குபவர் தலையில் விழும்.

5. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவின் கீழ், உரிய அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்கும் பத்திரத்தைச் சார்பதிவாளர் மறுக்கலாம். வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம். கடன் தரவில்லை என்றால் வங்கியின் மேல் கோபப்பட வேண்டாம். அவர்களுடைய வக்கீல் இலவசமாக ஒரு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்.

பிறர் மண்ணில் கட்டியவர்களைக் காக்க இங்கே ஒரு பழைய சட்டம் இருக்கிறது: 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டம். மண்ணைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டிடம் கட்டியவரை வெளியேற்ற நினைத்தால் கட்டிடத்துக்கு இழப்பீடு தர வேண்டும். அதோடு, தேவையான அளவு மண்ணைத் தனக்கே விற்க உத்தரவிடுமாறு அவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்றும் பிரிவு 9 சொல்கிறது. பலர் இந்தச் சட்டத்தை நம்பித்தான் 'கட்டிடம் மட்டும்' வாங்குகிறார்கள். ஆனால் 1996-இல் வந்த திருத்தம் சமய நிறுவனங்களின் நிலத்தை இதிலிருந்து எடுத்துவிட்டது. 1980-க்குப் பிறகு உருவான குத்தகைகளுக்கும் இது உதவாது. இன்று புதிதாக வாங்குபவர் இதைக் கேடயமாக நினைப்பது ஆபத்து.

என் கணிப்பு இதுதான்: வாடகை வீட்டுக்கு மாற்றாக, சில வருடம் இருந்துவிட்டுப் போக, இழந்தாலும் தாங்கக்கூடிய தொகைக்கு என்றால் அடிமனை வீடு ஒரு தேர்வு. ஓய்வூதியப் பணத்தை முழுக்கப் போடும் இடம் அல்ல.

90 வருடம், 99 வருடம்

தமிழ்நாட்டுக்கு வெளியே வாங்குபவர்களுக்கு இது அன்றாட விஷயம். டெல்லியை ஒட்டிய நொய்டாவில் நிலம் வளர்ச்சி ஆணையத்துடையது. பில்டருக்கு 90 வருடக் குத்தகை, அவரிடமிருந்து ஃபிளாட் வாங்குபவருக்கு உள்குத்தகை. இரண்டு சிக்கல்கள். காலக் கடிகாரம் பில்டருக்கு நிலம் கிடைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும், நீங்கள் சாவி வாங்கிய நாளிலிருந்து அல்ல. பில்டர் ஆணையத்துக்குப் பாக்கி வைத்தால், முழுப் பணமும் கட்டிய ஃபிளாட்காரருக்குப் பதிவு நடக்காது. அங்கே பல குடியிருப்புகளில் ஆட்கள் குடியேறிப் பல வருடங்களாகியும் பத்திரம் கையில் இல்லாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

சிங்கப்பூரில் வீவக வீடுகள், அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகள், பெரும்பாலும் 99 வருடக் குத்தகை. அங்கே உள்ள தமிழர்களில் பெரும்பாலோர் இருப்பதும் இவற்றில்தான். குத்தகை முடிந்தால் வீடு அரசுக்குத் திரும்பும், இழப்பீடு கிடையாது. பழைய வீடுகளை அரசு எப்படியும் நல்ல விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று பலர் நம்பியிருந்தார்கள். எல்லா வீடுகளுக்கும் அப்படி நடக்காது என்று 2017-இல் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் வெளிப்படையாகச் சொன்னார். கேலாங் லோரோங் 3-இல் இருந்த 191 தனியார் வரிசை வீடுகளின் 60 வருடக் குத்தகை 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. வீடுகள் இழப்பீடில்லாமல் அரசுக்குப் போயின. குத்தகை வீட்டின் மதிப்பு நேர்கோட்டில் குறைவதில்லை. முதல் முப்பது நாற்பது வருடம் தெரியவே தெரியாது. மிச்சக் காலம் குறைந்து, அடுத்து வாங்குபவருக்குக் கடனோ சேமநிதிப் பணமோ முழுசாகக் கிடைக்காத கட்டம் வரும்போது விலை சரியும். சிங்கப்பூரில் 2019-இல் கொண்டுவந்த விதியின்படி, வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும் வரை குத்தகை மிச்சமிருந்தால்தான் மத்திய சேமநிதியை முழு வரம்பு வரை பயன்படுத்தலாம்.

தமிழ்நாடு வீட்டு வசதி வாரிய வீடுகளைச் சிலர் இந்தப் பட்டியலில் சேர்த்துக் குழம்புகிறார்கள். வாரியம் 'லீஸ் கம் சேல்' ஒப்பந்தம் போடும். தவணை முழுக்கக் கட்டி முடித்ததும் கிரயப் பத்திரம் தரும். எனவே அது நிரந்தரக் குத்தகை அல்ல. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒதுக்கீடு பெற்றவர் கிரயப் பத்திரம் வாங்குவதற்கு முன்பே பவர் எழுதி விற்றுவிடுவார். அது இரண்டு மூன்று கை மாறியிருக்கும். பவர் வழியாக மட்டும் நடந்த 'விற்பனை' உரிமையைத் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்த்துச் சொல்லிவிட்டது. வாரியத்தின் கிரயப் பத்திரம் இல்லாத வாரிய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

அண்ணன் தம்பி சொத்தில் ஒரு பாகம்

பாகம் பிரிக்காத குடும்ப வீட்டில் ஒருவர் தன் பங்கை மட்டும் விற்க முன்வருவார். விலை மலிவாக இருக்கும். சட்டப்படி அவர் விற்கலாம், நீங்கள் வாங்கலாம். ஆனால் சொத்து மாற்றச் சட்டத்தின் பிரிவு 44, குடும்பம் வசிக்கும் பிரிக்கப்படாத வீட்டில் வெளியாள் பங்கு வாங்கினால் உள்ளே வந்து கூடக் குடியிருக்கும் உரிமை இல்லை என்கிறது. சரி, பாகப்பிரிவினை வழக்கு போடலாம் என்றால், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் பிரிவு 4 குறுக்கே வரும். நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு உங்கள் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ளலாம். ஆக, நீங்கள் வாங்குவது வீடு அல்ல, ஒரு வழக்கு.

முழு வீட்டையும் வாங்கும்போது வரும் தொல்லை வேறு. நான்கு சகோதரர்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், சகோதரியின் கையெழுத்து இருக்காது. "கல்யாணத்தில் சீர் செய்துவிட்டோம்" என்பது பதிலாக வரும். சீர் செய்தது விடுதலைப் பத்திரம், அதாவது பங்கை விட்டுக்கொடுத்த ஆவணம், ஆகாது. இந்துக் குடும்பங்களில், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்குச் சம பங்கு 1956-இலிருந்தே உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இல் மகள்களுக்குச் சம உரிமை தந்தது, அதற்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டது. 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. தந்தை அந்தத் திருத்தம் வந்த தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினைகளை இது கலைக்காது. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் வாரிசு விதிகள் வேறு. எந்தக் குடும்பமானாலும் வாரிசுச் சான்றை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கையெழுத்தோ பதிவான விடுதலைப் பத்திரமோ இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும்.

கணவன் மனைவி பெயரில் வாங்கும்போது

கடன் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் இருவர் பெயரிலும் வாங்குவது இப்போது வழக்கம். யாருக்கு எவ்வளவு பங்கு என்று பத்திரத்தில் எழுதுவதில்லை. எழுதாவிட்டால், அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு என்பதும், அதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் சம பங்கு என்பதும் சொத்து மாற்றச் சட்டத்தின் பிரிவு 45. முழுத் தவணையும் ஒருவர் சம்பளத்திலிருந்து போயிருந்து, பிற்பாடு பிரிவு ஏற்பட்டால், வங்கிக் கணக்குகளை வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டி வரும். விகிதத்தை ஒரு வரியில் எழுதிவிட்டால் முடிந்தது.

இதைவிடப் பரவலான தவறான நம்பிக்கை, ஒருவர் இறந்தால் வீடு தானாக மற்றவருக்குப் போய்விடும் என்பது. இருவர் பெயரிலும் இருக்கிறது என்பதற்காக அப்படிப் போகாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த கணவரின் பங்கு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், உயிரோடு இருந்தால் அவருடைய அம்மாவுக்கும் சமமாகப் பிரியும். இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் இருந்தால், வீட்டின் மற்றப் பாதியில் மனைவிக்கு வருவது கால் பங்குதான். பிள்ளைகள் மைனர் என்றால் அவர்கள் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவை. சங்கத்திலோ வங்கியிலோ நாமினி என்று பெயர் கொடுத்திருந்தாலும் இது மாறாது. இருவரும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ஆளுக்கு ஓர் உயில் எழுதி வைத்தால் மாறும். பதிவு செய்தால் நல்லது, கட்டாயமில்லை. கிரயப் பத்திரத்துக்கு வரைவு எழுதும் அதே வக்கீலிடம் அதே வாரத்தில் இதையும் முடித்துக்கொள்ளலாம்.